கமலவேணிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது

6-1-2025, திங்கள்

விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற ஜெசிந்தா டீச்சர் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தாள். காலையில் நாடி எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினோம், எங்கே வலிக்கிறது என்று தினமும் அதில் எழுதி வெள்ளிக்கிழமை காட்ட வேண்டுமாம். காட்டுகிற நோட்டில் காட்டுகிற விஷயத்தைத்தானே எழுத முடியும்? அதனால் பேத்தி பாதியில் விட்ட இந்த நான்கு கோடு நோட்டை எடுத்துக்கொண்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

சர்க்கரை ஏறிவிட்டது. "நடந்தா மட்டும் பத்தாதுங்கம்மா, கையும் காலும் கண்ணும் சேந்து வேல செய்யற மாதிரி எதாச்சும் விளையாடுங்க" என்று டாக்டர் சொன்னார். எனக்கு அறுபத்து மூன்று வயது. அவர் சொல்லி முடிப்பதற்குள் மருமகள் மேகலா போனில் தேடி ஒரு பட்டியலே போட்டுவிட்டாள். கோயமுத்தூரில் பெரியவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள என்னென்ன விளையாட்டு, எங்கெங்கே, எத்தனை மணிக்கு. ஐந்து வருஷமாக என் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வர மறந்தவளுக்கு இத்தனை அக்கறை எங்கிருந்து வந்தது?

முதலில் நீச்சல் என்றாள். பெண்களுக்கென்று தனி நேரம் உண்டாம். போடச் சொன்ன உடுப்பைப் பார்த்துவிட்டு அப்படியே ஆட்டோவில் திரும்பி வந்தேன். அடுத்தது ஷட்டில். அண்ணாந்தால் லைட்டு கண்ணைக் குத்துகிறது, இறகுப் பந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. டேபிள் டென்னிஸில் ஒரு மணி நேரத்தில் நான் பந்தை அடித்தது நான்கு தடவை, குனிந்து பொறுக்கியது நாற்பது தடவை.

கடைசியில் சிங்காநல்லூர் பூங்காவில் இந்த ரிங்கு. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும், ஒன்றுமே தெரியாதவர்களும் வரலாம் என்று போர்டு. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு முதல் ஏழு. ரப்பர் வளையம். நடுவே வலை. எதிரில் இருப்பவர் எறிவதை ஒரு கையால் பிடித்து, அதே கையால் உடனே திருப்பி எறிய வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நின்றால் பாயிண்ட் போய்விடும்.

இது பரவாயில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு மேகலா என்ன செய்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

8-1-2025, புதன்

அவள் வந்திருக்கிறாள்.

கமலவேணி. முப்பத்தெட்டு வருஷம் ஐந்து மாசம் கழித்து. தலை வெளுத்திருக்கிறது, உடம்பு பாதியாகிவிட்டது. ஆனாலும் அந்த நடை, வலது தோளை முன்னால் தள்ளிக்கொண்டு, வரிசையில் முந்தப் போகிறவள் மாதிரி. நூறு பேருக்கு நடுவில் எனக்குத் தெரியும்.

எழுதிவிடுகிறேன். 1986 ஆவணி மாசம். ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த மில்லில் நூல் சுற்றுகிற டிப்பார்ட்மெண்டில் இரண்டு பேரும் பதிலி. வேலைக்கு வராதவர்களுக்குப் பதிலாக நிற்கிறவர்கள். நான்கு வருஷமாக அக்கா, அக்கா என்று அவள் பின்னால் சுற்றினேன். நிரந்தர வேலை ஒன்று காலியானது. சீனியாரிட்டிப்படி எனக்குத்தான் வர வேண்டும். நான் மூன்று மாசம். மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை டைம் ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டார்கள், "நீ முழுகாம இருக்கறயாமே?" வேலை அவளுக்குப் போனது. நான் அந்த மில் வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. வேறொரு மில்லில் பதினோரு வருஷம் பதிலியாகவே நின்றேன். அன்றைக்கு அவள் மாம்பழக் கலர் சேலை, பச்சைக் கரை. ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டிப் போனாள்.

இன்றைக்கு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, புதுசுங்களா? எந்த வீதி?"

அந்த நடிப்பு. அந்தச் சிரிப்பு. "ராஜாஜி வீதி" என்று பொய் சொன்னேன்.

10-1-2025, வெள்ளி

உயரம் ஒன்றாக இருக்கிறதாம், டீச்சர் என்னை அவளுக்கு ஜோடி போட்டுவிட்டாள். வேறு ஆளைப் போடச் சொன்னேன். "நாச்சாம்மா, அவங்கதான் இங்க நல்ல கையி. உங்களுக்கு லாபம்" என்றாள். இந்த டீச்சர் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பி.டி. சொல்லிக்கொடுத்தவள். பெரிய மனுஷிகளையும் விசில் ஊதித்தான் கூப்பிடுகிறாள்.

நல்ல கைதான், ஒத்துக்கொள்கிறேன். வளையம் அவள் பக்கம் வந்தால் கை தானாகப் போகிறது. அவள் கண் எங்கேயோ இருக்கிறது, கை மட்டும் இங்கே இருக்கிறது.

ஆனால் பாயிண்ட் சொல்வதில் திருட்டு. நாங்கள் பன்னிரண்டு எடுத்திருக்கும்போது எட்டு என்கிறாள். எதிராளிக்கு இல்லாததைக் கூட்டியும் சொல்லவில்லை, நம்முடையதைக் குறைத்துத்தான் சொல்கிறாள். இது என்ன மாதிரித் திருட்டு? தானும் தோற்றாலும் பரவாயில்லை, நான் ஜெயிக்கக் கூடாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு காலில் தோல் செருப்பு, ஒரு காலில் ரப்பர் செருப்பு. யாரோ கேட்டதற்கு, "இப்படிப் போட்டாத்தான் கால் வலி வராதாம்" என்றாள். மற்றவர்கள் நம்பினார்கள்.

14-1-2025, செவ்வாய்

பொங்கல். மகனும் மேகலாவும் சேர்ந்து எனக்கு விளையாட்டு ஷூ வாங்கி வந்தார்கள். என்னவோ நடக்கிறது.

17-1-2025, வெள்ளி

"ஏனுங்க, நீங்க எந்த வீதி?" என்று இன்றைக்கும் கேட்டாள். இதோடு நான்காவது தடவை. முதல் நாள் ராஜாஜி வீதி என்றேன். போன வாரம் பள்ளிவாசல் வீதி. திங்கட்கிழமை ரயில்வே கேட் பக்கம். இன்றைக்குப் பாலக்காடு என்று சொன்னேன். "அப்படிங்களா, பக்கந்தான்" என்று தலையாட்டினாள்.

பிடிபடாத பொம்பளை. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தும் ஒரு தடவைகூட முகத்தில் காட்டவில்லை. கேட்டுக் கேட்டு, என் வாயாலேயே "நான்தான் நாச்சாத்தாள்" என்று சொல்ல வைக்கப் பார்க்கிறாள். சொல்ல மாட்டேன். அவள்தான் முதலில் பேச வேண்டும். தப்பு செய்தவள் அவள்.

20-1-2025, திங்கள்

கால் பிடித்துக்கொண்டது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு ஆறரைக்கே வீட்டுக்கு வந்தேன். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். மேகலா என் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். போன் இல்லை. டி.வி. இல்லை. சும்மா.

"என்னங்கத்தை, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று எழுந்துகொண்டாள்.

"ஏன், வரக்கூடாதா?"

சும்மா உட்காருவதற்கா இத்தனை ஏற்பாடு? அப்படியும் இருக்கலாம்.

24-1-2025, வெள்ளி

பூங்காவுக்கு வெளியே ரோட்டை உடைக்கிறார்கள். காங்கிரீட் உடைக்கிற மிஷின் சத்தத்தில் டீச்சரின் விசில்கூடக் கேட்கவில்லை. பயிற்சிக்காக அவளை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அவள் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றாள். டீச்சர் பின்னாலிருந்து வருகிறாள். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இடது காதை இரண்டு தடவை இழுத்தேன்.

மில்லில் மேஸ்திரி வந்தால் அப்படித்தான் இழுப்போம். மிஷின் இரைச்சலில் வாய்ப்பேச்சு ஆகாது, எல்லாம் கைதான். நூல் அறுந்ததா, தண்ணிக்குப் போகிறாயா, மேஸ்திரி குடித்திருக்கிறாரா, எல்லாவற்றுக்கும் சைகை உண்டு.

அவள் சடாரென்று நிமிர்ந்து வளையத்தை எறிந்தாள். அப்புறம் மூக்கின் மேல் விரலை வைத்து ஒரு சுற்று சுற்றினாள். 'எந்த மேஸ்திரி, மூக்குப்பொடியா?' நான் ஆமாம் என்று காட்டினேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதிலிருந்து மணி ஏழாகும் வரை அவள் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. இடது என்றால் இடது, பின்னால் என்றால் பின்னால். நான் கையைக் காட்டக் காட்ட அவள் போய் நின்றாள்.

அவளோடு பேசினேன் என்று யாரும் சொல்ல முடியாது. நான் வாயே திறக்கவில்லை.

ஆனால் ஒன்று நிச்சயமாகிவிட்டது. மூக்குப்பொடி மேஸ்திரி வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் நானும் ஞாபகம் இருக்கிறேன். எல்லாம் நடிப்பு.

27-1-2025, திங்கள்

இதற்குமேல் அங்கே போவதாக இல்லை.

இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே வந்து நின்று என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் தன் அடிவயிற்றைத் தொட்டு, என்னைக் காட்டி, விரல்களை விரித்தாள். வாயாலும் கேட்டாள்.

"நாச்சா, எத்தன மாசம்டி ஆச்சு?"

இத்தனை பேர் நடுவில். முப்பத்தெட்டு வருஷம் கழித்து. அதே கேள்வி, அதே சைகை. என்னிடமிருந்து பிடுங்கியதை என்னிடமே காட்டிச் சிரிக்கிறாள். கையில் இருந்த வளையத்தை அவள் காலடியில் வீசிவிட்டு வந்துவிட்டேன். டீச்சர் பின்னாலேயே கூப்பிட்டாள். திரும்பவில்லை.

என் பெயரைச் சொல்லிவிட்டாள். இனி யாரென்று தெரியாது என்று சொல்ல முடியாது அல்லவா?

29-1-2025, புதன்

தை அமாவாசை. என் வீட்டுக்காரருக்குப் படையல் போட்டேன். விளையாடப் போகவில்லை.

குழம்பு கொதிக்கும்போது ஒன்றை யோசித்தேன். குத்திக்காட்டுகிறவர்களின் கண் எனக்குத் தெரியும். என் மாமியாரோடு இருபது வருஷம் இருந்தவள் நான். அன்றைக்கு அவள் கண்ணில் குத்தல் இல்லை. சந்தோஷம் இருந்தது. முதல் பிள்ளை என்றால் பக்கத்து மிஷின்காரிக்கு வருமே, அந்தச் சந்தோஷம்.

எனக்கு அது பிடிக்கவில்லை.

31-1-2025, வெள்ளி

போனேன். ஷூ வீணாகப் போகக்கூடாது.

நேராகவே கேட்டுவிட்டேன். "டைம் ஆபீஸ்ல போய்ச் சொன்னது யாரு?"

"எந்த டைம் ஆபீஸுங்க?" என்றாள்.

"மில்லு டைம் ஆபீஸ். எம்பத்தாறு. ஆவணி."

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பாடம் ஒப்பிக்க முடியாத பிள்ளை மாதிரி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, ஒன்னு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற ஊடு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. வியர்வையில் பாதி அழிந்துபோயிருந்தது. 'பால் பூத். இடது கை. நீல கேட்.'

நான் பார்க்காத மாதிரி ஷூ கயிற்றைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

ஏழு மணிக்கு அவள் போகும்போது இருபது அடி பின்னால் நானும் போனேன். வேவு பார்க்கத்தான். பால் பூத்தில் வலது பக்கம் திரும்பினாள். நான் தொண்டையைச் செருமினேன். நின்று கையைப் பார்த்தாள். இடது பக்கம் போனாள்.

3-2-2025, திங்கள்

அவள் கையில் எழுத்து சுத்தமாக அழிந்துவிட்டது. பேனா இருக்கிறதா என்று கேட்டாள். காட்டுகிற நோட்டுக்கு வைத்திருந்த பேனாவில் நான்தான் எழுதினேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"உங்க எழுத்து கோணலுங்க" என்றாள்.

"நீ மட்டும் காலேஜா படிச்ச?" என்றேன்.

5-2-2025, புதன்

பாயிண்டை இனி நானே சத்தமாகச் சொல்கிறேன். 21-16. ஜெயித்தோம்.

7-2-2025, வெள்ளி

அவளுடைய மருமகள் வினோதினி பூங்காவுக்கு வந்தாள். பேங்கில் வேலை, முகத்தில் தூக்கமே இல்லை. டீச்சரிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தாள். கமலவேணி அவளுக்கு இரண்டு அடி பின்னால் நின்றிருந்தாள்.

"நீங்கதான் அத்தைக்கு ஜோடின்னு டீச்சர் சொன்னாங்க. ஒன்னு கேக்கணுங்க. அத்தைக்கு இங்க எதாச்சும் மறதி மாதிரித் தெரியுதுங்களா? ஊட்டுல கேட்டா ஒன்னுமில்லைன்னு சண்டைக்கு வர்றாங்க. போன வாரம் கேஸை மூடாம விட்டுட்டாங்க. அவர் வேணாம்கறாரு, இனி வெளிய அனுப்பாத, கேட்டப் பூட்டிட்டு ஆபீசுக்குப் போன்னு."

பின்னால் நின்ற கமலவேணி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடினாள். உள்ளேயே இருக்கட்டும், வெளியே விடாதே என்பதற்கு மில்லில் அதுதான் சைகை.

1986 ஆவணியில் மிஷினுக்கு இந்தப் பக்கமிருந்து நான் அவளுக்குக் காட்டியதும் அதுதான்.

முப்பத்தெட்டு வருஷமாகச் சாமி கும்பிடும்போதெல்லாம் இப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். இத்தனை சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. ஒரு வார்த்தை போதும்.

"அப்படி ஒன்னும் தெரீலீங்களே. எங்களவிட நல்லா வெளையாடறாங்க" என்றேன்.

அவள் மேல் இரக்கப்பட்டு இல்லை. சொல்லியிருந்தால் நானும் அவள் மாதிரி ஆகிவிடுவேன். அது மட்டும்தான்.

10-2-2025, திங்கள்

கேஸை மூடாமல் விட்டுவிட்டாள் என்று வினோதினி சொன்னது மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டு அடுப்பை மூன்று தடவை போய்ப் பார்த்தேன். "என்னங்கத்தை தேடறீங்க?" என்று மேகலா கேட்டாள். அவளுக்கும் என் மேல் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

12-2-2025, புதன்

ஆறு மணிக்கு அவள் வரவில்லை. ஆறு இருபதுக்கு வினோதினி ஓடி வந்தாள், நைட்டி மேலே துப்பட்டாவோடு. "அத்தை இங்க வரலீங்களா? அஞ்சரைக்கே ரிங்குக்குப் போறேன்னு கெளம்பிட்டாங்களே!"

டீச்சர் எல்லோரையும் வீதி வீதியாகத் தேட அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் சிலர், குளத்துப் பக்கம் சிலர். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திருச்சி ரோட்டுக்குப் போனேன். ஏழு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கே கேட்டில் நிற்பவள் அவள். வரிசையில் முந்துவதற்காக.

மில்லை இடித்து வருஷக் கணக்காகிறது. அந்த இடத்தில் டைல்ஸ் கடை. மூடியிருந்த கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி. முழங்காலுக்குக் கீழே சேலையில் ரத்தம். வாட்ச்மேனோடு சண்டை.

"டோக்கனக் குடுத்துட்டு உள்ள போறேங்கறேன், உனக்கென்ன? நாம் பர்மனென்ட்டு!"

"அம்மா, இது கடைம்மா. பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க" என்றான் அந்த ஆள், பாவம். அவனே சொன்னான், அவள் ரோட்டைத் தாண்டும்போது லாரிக்காரன் பிரேக் போட்டதில் ரோடே தேய்ந்துவிட்டதாம். லாரி அவள் மேல் படவில்லை. பயந்து விழுந்ததில்தான் அடி.

நான் போய் என் காதை இழுத்துக் காட்டினேன். வரவில்லை. "அக்கா" என்றேன். திரும்பினாள்.

"ஷிப்டு மாத்திட்டாங்கக்கா. இன்னிக்கு நமக்கு லீவு."

"அப்படியா? எவனும் சொல்லவேயில்ல பாரு" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். தூக்குப்போசியைத் திறந்து பார்த்தேன். காலி.

பாதி வழியில் அவளுக்குத் தெளிந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஊட்டுல சொல்லிறாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கேட்டப் பூட்டிருவாங்க. அந்த ஒரு மணி நேரந்தானுங்க எனக்கு."

நீல கேட்டில் வினோதினி அழுதுகொண்டு நின்றாள். அவள் கேட்பதற்கு முன்பே இவள் ஆரம்பித்துவிட்டாள்: "ஒன்னுமில்ல கண்ணு, பழைய மில்லு எப்படி இருக்குதுன்னு சும்மா பாத்துட்டு வரலாம்னு போனேன். கல்லுத் தடுக்கிருச்சு." எத்தனை அழகாகச் சொன்னாள்! வினோதினியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நம்பப் போகிறாள். நம்பிவிட்டால் இவள் வெள்ளிக்கிழமையும் கிளம்புவாள்.

வினோதினியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு டைம் ஆபீஸுக்கும் இவள் அப்படித்தான் போயிருப்பாள், தனியாக. அதனால் அவள் எதிரிலேயே, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"அவங்க சொல்றத நம்பாதீங்க. ஷிப்டுக்குப் போனாங்க. ஒரு மாசமா மறதி. பாயிண்ட் தெரியறதில்ல, ஊட்டுக்கு வழி தெரியறதில்ல. கைய விரிச்சுப் பாருங்க, தெரியும். போன வாரம் நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன். தப்பு என்னுது."

வினோதினி அவள் கையை விரித்தாள். என் கோணல் எழுத்து.

கமலவேணி என்னைப் பார்த்தாள். "நம்பினேனே உன்னய" என்றாள். 'நீங்க' போய் 'உன்னய' ஆகியிருந்தது. காறித் துப்பினாள். என் ஷூவில் விழுந்தது.

துடைக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

13-2-2025, வியாழன்

தூங்கவில்லை. காட்டுகிற நோட்டில் எட்டு மணி நேரம் என்று எழுதினேன்.

17-2-2025, திங்கள்

ஜோடி இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வேறு ஆளைப் போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

ஏழு மணிக்கு நீல கேட்டுக்குப் போனேன். உள்ளே தாழ்ப்பாள், அதில் பூட்டு. கம்பிக்கு அந்தப்பக்கம் அவள் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் திறந்து கிடந்தது. தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் அந்த விரல்கள் லேசாக மடங்கி விரிந்தன. பிடிப்பதற்குத் தயாராக இருக்கிற மாதிரி. என்னை அடையாளம் தெரியவில்லை.

வினோதினி வெளியே வந்தாள். "டாக்டர்கிட்டக் காட்டிட்டோமுங்க. ஆரம்பந்தானாம். மாத்திர குடுத்திருக்கறாரு. நடமாட்டம் நிக்கக்கூடாதுன்னும் சொல்றாரு, தனியா உடக்கூடாதுன்னும் சொல்றாரு. நான் என்னத்தங்க செய்யட்டும்?"

"நான் வந்து கூட்டிட்டுப் போறனுங்க. நானே கொண்டாந்து உடறேன். வாரம் மூணு நாளு. கைய உட மாட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் மேகலாவைப் பார்க்கிற பார்வை அது. "உங்களுக்கு எதுக்குங்க இத்தன சிரமம்? சொந்தமும் இல்ல. அன்னிக்குப் பொய் வேற சொன்னீங்க."

"ஜோடி இல்லாம இந்த ஆட்டம் ஆட முடியாதுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

19-2-2025, புதன்

சரி என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் பூட்டு பூட்டாகவே இருக்கும், நான் வந்தால் மட்டும் திறப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். மேகலா நாலரைக்கு அலாரம் வைக்கட்டுமா என்று கேட்டாள். எனக்கெதற்கு அலாரம்?

21-2-2025, வெள்ளி

வினோதினி பூட்டைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"ஏனுங்க, கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கறாங்க பாத்தீங்களா? எவளோ என்னப் பத்திக் கோள் சொல்லிட்டா. எவளுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வினோதினி எனக்குக் கண்ணைக் காட்டினாள். தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று.

"தெரியும். நான்தான்" என்றேன்.

பால் பூத் வரைக்கும் திட்டினாள். நாசமாய்ப் போவாய், உன் கை புழுத்துப் போகும், உன் மருமகள் உனக்குச் சோறு போடமாட்டாள். பால்காரன் கேனை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பூங்கா வாசலில் வளையத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

21-12. ஜெயித்தோம்.

24-2-2025, திங்கள்

"எவ சொன்னா?" "நான்தான்." இன்றைக்குப் பால் பூத்தைத் தாண்டியும் திட்டினாள்.

28-2-2025, வெள்ளி

மேகலா கேட்டாள்: "எதுக்குங்கத்தை தெனமும் உண்மையச் சொல்லி வாங்கிக் கட்டிக்கறீங்க? தெரியாதுன்னா முடிஞ்சுதல்ல. அவங்களுக்கு ஞாபகமா இருக்கப் போகுது?"

"எனக்கு இருக்குமே" என்றேன்.

மேகலா தைல பாட்டிலை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள். புதுசு. எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

3-3-2025, திங்கள்

இன்றைக்கு நடந்ததை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

கேட் திறந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "என்னப் பத்தி ஊட்டுல சொன்னது எவ?"

"நான்தாங்க்கா."

திட்டுக்குத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. ஒரு செருப்போடு நின்று என்னையே பார்த்தாள்.

"ஏன் சொன்ன?"

"தனியா ரோட்டத் தாண்டிட்டீங்க. லாரி வந்துருச்சு."

"ஓஹோ." இன்னொரு செருப்பையும் மாட்டினாள். இரண்டும் தோல் செருப்பு. வினோதினி எடுத்து வைத்திருக்கிறாள். தெருவில் நாலு எட்டு வைத்ததும் மறுபடி நின்றாள்.

"உனக்குத் தெகிரியந்தான்டி. நானா இருந்தா செத்தாலும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

"தெரியுங்க்கா" என்றேன்.

பதினோரு வருஷப் பதிலி வேலைக்கு இது ஈடாகாது. இதை மன்னிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அவள் எதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அதெல்லாம் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கேட்பாள், எவ சொன்னா என்று. நேரத்துக்குப் போக வேண்டும்.